கடனுக்கு எழுத்திடுவோர்: ரோமும் கொழும்பும்

பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886இல் திறக்கப்பட்டபோது சிசிலித் தீவின் இருப்புப்பாதைகள் ஒரு தனியார் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தன. இத்தாலிய அரசு ரயில்வேயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1905இல்தான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாதை போடுவதற்கான பணம் வந்த முக்கிய வழிகளுள் ஒன்று கடன் பத்திரம். குறித்த தேதியில் முதலையும், அதுவரை வட்டியையும் தருவதாக எழுதிக்கொடுத்து, ஒரு கம்பெனியோ அரசோ முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவரிடம் வாங்கும் கடனே கடன் பத்திரம். இலங்கையில் இதைப் பிணைமுறி என்பார்கள். பத்திரத்தை வைத்திருப்பவர் அதை மற்றொருவருக்கு விற்றுவிடலாம் என்பதால், கடன் கொடுத்தவர் லண்டனிலும் கடன் வாங்கியவர் அமெரிக்கப் புல்வெளியிலும் இருப்பது அன்றே இயல்பாகிவிட்டது. பாதை முடியுமா, அதில் சரக்கு ஏறுமா, வட்டி வருமா என்பதை லண்டன்காரர் எப்படி அறிவார் என்ற கேள்விக்கு விடையாக எழுந்ததே தரமதிப்பீட்டுத் தொழில். ஹென்றி வார்னம் புவர் என்பவர் 1860இல் அமெரிக்க இருப்புப்பாதைகளையும் கால்வாய்களையும் பற்றிய தகவல்களைத் தொகுத்து வெளியிட்டார். ஜான் மூடி 1909இல் ஒருபடி மேலே போய், ரயில்வே கம்பெனிகளின் பத்திரங்களுக்கு 'ஏ', 'பி', 'சி' என எழுத்துகளால் தரம் குறித்தார். இன்று ஒரு நாட்டின் நிதியமைச்சரை உறக்கம் கெடச் செய்யும் எழுத்துகளின் பிறப்பிடம் ரயில்வே கணக்குப் புத்தகம்.

அந்த எழுத்துகளின் ஏணி எளிமையானது. உச்சியில் மூன்று 'ஏ'. அதன் கீழ் இரண்டு 'ஏ', ஒற்றை 'ஏ', மூன்று 'பி' என இறங்கி, 'சி'க்களைக் கடந்து, கடன் தவறிய நிலையைக் குறிக்கும் 'டி'யில் முடிகிறது. இடையிலுள்ள பெரும்பாலான படிகளுக்குக் கூட்டல், கழித்தல் குறிகள் உண்டு. மூடியின் பெயரைத் தாங்கிய மூடிஸ் நிறுவனம் மட்டும் குறிகளுக்குப் பதிலாக எண்களைச் சேர்த்துச் சற்று வேறுவிதமாக எழுதும். மூன்று 'பி' மைனஸ் வரை உள்ளவை முதலீட்டுத் தரம் எனவும் அதற்குக் கீழுள்ளவை ஊக வணிகத் தரம் எனவும் பிரிக்கப்படுகின்றன. இந்த ஒரு கோடு பிற எல்லாக் கோடுகளையும்விட ஆபத்தானது, ஏனெனில் ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பலவேளைகளில் தங்கள் சொந்த விதிகளாலேயே அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாதென்று கட்டுப்பட்டுள்ளன. தரம் என்பது தங்கள் கருத்து மட்டுமே, வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ சொல்லும் ஆலோசனை அல்ல என்று நிறுவனங்கள் எப்போதும் கூறுகின்றன. அமெரிக்க நீதிமன்றங்களில் அவை பத்திரிகைக்குரிய பேச்சுச் சுதந்திரத்தையே தங்களுக்கும் கோரிவந்துள்ளன. கருத்துக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்பதே இவ்வுரையின் கேள்வி.

விடையின் பெரும்பகுதி, அரசுகள் தாமே அந்த வலிமையை எழுதிக் கொடுத்தன என்பதாகும். 1936இல் அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், ஏற்கப்பட்ட தரமதிப்பீட்டுக் கையேடுகள் ஊகத் தரமெனக் குறித்த பத்திரங்களை வங்கிகள் வைத்திருக்கக் கூடாதென்று விதித்தனர். அதுவரை வாசகரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த கருத்து, அன்றுமுதல் சட்டத்தின் அளவுகோலானது. 1975இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், தேசிய அளவில் ஏற்பு பெற்ற தரமதிப்பீட்டு அமைப்பு என ஒரு தனி வகையையே உருவாக்கி, எவருடைய எழுத்து செல்லும், எவருடையது செல்லாது என்று வேலி கட்டியது. 2004இல் வங்கிகளின் மூலதனம் பற்றிய இரண்டாம் பாசல் உடன்படிக்கை இந்த ஏற்பாட்டை உலகமயமாக்கியது: ஒரு நாட்டின் அரசுக்குக் கொடுத்த கடனை, இரண்டு 'ஏ' மைனஸ் வரை இடர் அற்றதாகவும், ஒற்றை 'ஏ'யில் 20 விழுக்காடாகவும், மூன்று 'பி'யில் 50 விழுக்காடாகவும், அதற்குக் கீழே 100 விழுக்காடாகவும், 'பி' மைனஸுக்கும் கீழே போனால் 150 விழுக்காடாகவும் எடைபோட்டு, அந்த எடைக்கேற்ப வங்கி தன் சொந்தப் பணத்தை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதே அதன் எளிய வழிமுறை. ஓர் எழுத்து இறங்கினால் தொலைவிலுள்ள வங்கியொன்றின் கணக்கில் செலவு ஏறும். அந்த வங்கியின் மேலாளர் அந்த எழுத்தை நம்புகிறாரா இல்லையா என்பது பொருட்டே அல்ல.

இதனிடையே பணம் கொடுப்பவரும் மாறிவிட்டார். தொடக்கத்தில் கையேட்டை வாங்கிய முதலீட்டாளரே விலை கொடுத்தார். 1970களின் தொடக்கத்திலிருந்து கடன் வாங்குபவரே தன் தரத்துக்குக் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. நகலெடுக்கும் இயந்திரம் பரவியபின் ஒருவர் வாங்கிய கையேட்டை நூறு பேர் படித்தனர் என்பது ஒரு காரணம். 1970இல் பென் சென்ட்ரல் என்ற பெரிய அமெரிக்க ரயில்வே கம்பெனி நொடித்துப்போனதும், அஞ்சிய முதலீட்டாளர்களிடம் தங்கள் நம்பகத்தைக் காட்டிக்கொள்ளக் கம்பெனிகளே தரம் தேடி வந்தன என்பது மற்றொன்று. தேர்வு எழுதுபவரே திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கும் இந்த ஏற்பாடு என்ன செய்யும் என்பதை, வீட்டு அடமானக் கடன்களைத் திரட்டிக் கட்டிய பத்திரங்களுக்கு மூன்று 'ஏ'க்கள் அள்ளி வழங்கப்பட்டு 2007, 2008இல் அவை சரிந்தபோது உலகம் கண்டது. அதற்காக, புவரின் பெயரைத் தாங்கிய ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் 2015இல் 137.5 கோடி டாலரும் மூடிஸ் 2017இல் சுமார் 86 கோடி டாலரும் அமெரிக்க அரசுக்கும் மாநிலங்களுக்கும் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டன.

இத்தாலியர்கள் அந்தப் பாடத்தைச் சில ஆண்டுகள் முன்னரே கற்றிருந்தனர். பார்மா நகரருகே கொலெக்கியோவில் பிறந்து, பாலையும் பாற்பொருளையும் உலகெங்கும் விற்ற பார்மலாத் கம்பெனி 2003 டிசம்பரில் விழுந்தபோது, அமெரிக்க வங்கியொன்றில் இருப்பதாகக் காட்டப்பட்ட ஏறத்தாழ 395 கோடி யூரோ இல்லவே இல்லை என்பது வெளிப்பட்டது. அதன் பத்திரங்களை வாங்கியிருந்த சிறு சேமிப்பாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். வீழ்ச்சிக்குச் சில நாள் முன்புவரை ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அந்தக் கம்பெனிக்கு முதலீட்டுத் தரத்தையே வழங்கியிருந்தது. பார்மலாத்தின் புதிய நிர்வாகம் தொடுத்த வழக்கில், மிலான் நீதிமன்றம் 2011இல் கோடிக்கணக்கான இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்து, வாங்கிய கட்டணமான சுமார் 7 லட்சத்து 84 ஆயிரம் யூரோவைத் திருப்பித் தரும்படி மட்டும் தீர்ப்பளித்தது. தவறான தரத்துக்கான விலை, அதற்காக வாங்கிய கூலியே என்ற அந்தக் கணக்கு சட்டத்துக்குப் பொருந்தலாம்; பத்திரம் வாங்கிய ஓய்வூதியருக்குப் பொருந்தியிருக்காது.

ஆனால் கம்பெனிகளின் கதை நாடுகளின் கதைக்கு முன்னுரை மட்டுமே. 2011இல் இத்தாலிய அரசின் கடன் ஏறத்தாழ 1.9 லட்சம் கோடி யூரோ, அதாவது நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் சுமார் 120 விழுக்காடு. அவ்வாண்டு செப்டம்பர் 19இல் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் இத்தாலியை ஒற்றை 'ஏ'வுக்கு இறக்கியது. அக்டோபர் தொடக்கத்தில் மூடிஸ் ஒரேயடியாக மூன்று படிகள் இறக்க, மூன்றாவது பெரிய தரமதிப்பீட்டு நிறுவனமான ஃபிட்சும் அந்த வாரமே தொடர்ந்தது. ஜெர்மனியின் பத்தாண்டுப் பத்திரத்துக்கும் இத்தாலியின் பத்தாண்டுப் பத்திரத்துக்கும் இடையிலான வட்டி வித்தியாசத்தை இத்தாலியர்கள் 'ஸ்ப்ரெட்' என்கிறார்கள். அதுவரை வங்கிக்காரர் மட்டுமே உச்சரித்த அந்தச் சொல் அந்த இலையுதிர்காலத்தில் மீன் சந்தை வரை வந்துவிட்டது. நவம்பர் 9 அளவில் அது ஐந்தரை விழுக்காட்டைத் தாண்டியது, அரசு கொடுக்க வேண்டிய வட்டி ஏழு விழுக்காட்டைத் தாண்டியது, நவம்பர் 12இல் பிரதமர் பெர்லுஸ்கோனி பதவி விலகினார். 2012 ஜனவரி 13இல் இத்தாலி உள்ளிட்ட ஒன்பது யூரோ நாடுகள் ஒரே நாளில் தரமிழந்தன. இத்தாலி மூன்று 'பி' பிளஸில் நின்றது. நாடு இறங்கினால் அதன் வங்கிகளும் மாநிலங்களும் இறங்குவது வழக்கம், ஏனெனில் பெற்ற அரசைவிடப் பிள்ளை நிறுவனம் நம்பகமானது என்று எழுத இந்நிறுவனங்கள் தயங்கும். அவ்வாண்டுக் கோடையில் சிசிலி மாநிலம் தன் கணக்கில் தானே தடுமாறியது. 2012 ஜூலையில் பிரதமர் மோந்தி, மாநிலம் கடன் தவறக்கூடும் என்ற கவலையை மாநிலத் தலைவருக்கு எழுத்திலேயே தெரிவித்தார்.

தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு இத்தாலி காட்டிய எதிர்வினை இருவகைப்பட்டது. புலியா மாநிலத்துக் கடற்கரையில் உள்ள திரானி என்ற சிறு ஊரின் அரசு வழக்கறிஞர்கள், நுகர்வோர் அமைப்புகளின் புகாரை ஏற்று, தரமிறக்கத்துக்கு முன்பே 2011 ஆகஸ்டில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், மூடிஸ் ஆகியவற்றின் மிலான் அலுவலகங்களில் சோதனை நடத்தினர். சந்தையைத் திரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸும் ஃபிட்சும் நீண்ட விசாரணைக்குப்பின் 2017 மார்ச்சில் விடுவிக்கப்பட்டன. மற்றொரு எதிர்வினை 2014இல் பத்திரிகைகளில் வெளியானது: தரமிறக்கத்தின்போது நாட்டின் கலை, வரலாறு, நிலக்காட்சி ஆகிய செல்வங்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை என்று கூறி, 23,400 கோடி யூரோ இழப்பைத் தணிக்கை நீதிமன்ற வழக்கறிஞர்கள் பரிசீலிப்பதாகச் செய்தி. அதைக் கேட்டு லண்டனும் நியூயார்க்கும் சிரித்தன. சிரிப்பதற்கு இடமிருந்தது, ஏனெனில் பலெர்மோவின் நார்மன் அரண்மனையையோ மொன்ரியாலே தேவாலயத்தையோ எந்த அரசும் விற்று வட்டி கட்டப் போவதில்லை. எனினும் அந்த வாதத்தின் உள்ளே ஒரு நியாயமான முறையீடு இருந்தது, அது, ஒரு நாட்டின் தாங்குதிறனை யார், எந்தப் பட்டியலை வைத்து அளக்கிறார் என்பது.

அதிகாரத்தின் உண்மையான இருப்பிடத்தைக் காட்டும் நிகழ்ச்சி இவற்றைவிட அமைதியாக, 2017 ஜனவரி 13இல் நடந்தது. கனடாவின் டொராண்டோவில் தோன்றிய டி.பி.ஆர்.எஸ். என்ற நான்காவது, மிகச் சிறிய நிறுவனம் அன்று இத்தாலியை ஒற்றை 'ஏ'யின் கடைசிப் படியிலிருந்து மூன்று 'பி'க்கு இறக்கியது. பெரிய மூன்றும் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்ட நிலையில் இந்தச் சிறியவரின் சொல்லுக்கு எதற்கு அத்தனை தலைப்புச் செய்தி என்று கேட்டால், விடை ஐரோப்பிய மத்திய வங்கியின் விதியில் இருக்கிறது. அந்த வங்கி, பிற வங்கிகளுக்குப் பணம் கொடுக்கும்போது அரசுப் பத்திரங்களை ஈடாக வாங்கும்; நகை அடகுக்காரர் நகையின் முழு விலையையும் கடனாகத் தராமல் ஒரு பங்கைக் கழிப்பதுபோல, பத்திரத்தின் தரத்துக்கேற்ப அதுவும் ஒரு கழிவைப் பிடிக்கும். அன்று தான் ஏற்றிருந்த நான்கு நிறுவனங்களுள் எவர் அதிகமாக மதிப்பிட்டாரோ அவருடைய எழுத்தையே அது கொண்டது. ஆக, அதுவரை இத்தாலிய வங்கிகளை மேல் தட்டில் தாங்கிக்கொண்டிருந்தது அந்த டொராண்டோ எழுத்து ஒன்றே. அது விழுந்ததும், இத்தாலியின் பொருளாதாரத்தில் அன்றிரவு எதுவும் மாறாமலேயே, அதன் பத்திரங்கள்மீதான கழிவு உயர்ந்தது. டி.பி.ஆர்.எஸ்.க்கு ரோமைப் பற்றி மற்றவருக்குத் தெரியாத எதுவும் தெரிந்திருக்கவில்லை. அதன் கையில் இருந்தது அறிவல்ல, ஒரு விதிமுறையின் நெம்புகோல்.

அந்த நெம்புகோலை வைத்தவரே கழற்றவும் முடியும் என்பதற்கும் சான்றுண்டு. 2010 ஏப்ரல் இறுதியில் கிரேக்கம் குப்பை எனப்படும் ஊகத் தரத்துக்கு இறங்கியபின், மே மாதம் அந்நாட்டுப் பத்திரங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் தேவையில்லை என்று ஐரோப்பிய மத்திய வங்கி அறிவித்தது. 2020 ஏப்ரல் 22இல், பெருந்தொற்றின் நடுவே, அந்த மாதம் 7ஆம் தேதியில் முதலீட்டுத் தரத்திலிருந்த பத்திரங்கள் பின்னர் அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு படிகள் வரை சறுக்கினாலும் ஈடாக ஏற்கப்படும் என்றது. ஆறு நாள் கழித்து ஃபிட்ச் இத்தாலியை முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படிக்கு இறக்கியபோது 2011இன் பீதி திரும்பவில்லை. இன்னும் தெளிவான சான்று, 2012 ஜூலை 26இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மரியோ திராகி யூரோவைக் காக்க வேண்டிய எதையும் வங்கி செய்யும் என்று உறுதியளித்ததற்குப் பின் வந்த ஆண்டுகள்: ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2013 ஜூலையிலும் 2014 டிசம்பரிலும் இத்தாலியை மேலும் இறக்கிக்கொண்டே போக, இத்தாலி கொடுக்கும் வட்டியோ 2014 முடிவில் இரண்டு விழுக்காட்டளவுக்குக் குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்காவின் அனுபவமும் அத்தகையதே. 2011 ஆகஸ்ட் 5இல் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அந்நாட்டின் மூன்று 'ஏ'வைப் பறித்தது. அடுத்த வேலைநாளில் அஞ்சிய முதலீட்டாளர்கள் ஓடிப்போய் வாங்கியது அதே அமெரிக்க அரசின் பத்திரங்களைத்தான். தன் கடனைத் தன் நாணயத்தில் வாங்குபவரையும், பின்னால் பெரிய மத்திய வங்கி நிற்பவரையும் எழுத்து கீறும், வீழ்த்துவது அரிது.

இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லாத நாடு இலங்கை; பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலேயைச் சுற்றிய தெருக்களிலும் பல்லரோ சந்தைப் பக்கத்திலும் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கதையின் இந்தப் பகுதி செய்தித்தாளில் படித்த ஒன்றல்ல. 2005இல் முதன்முறையாகத் தரம் பெற்ற இலங்கை, 2007இல் தன் முதல் பன்னாட்டுப் பிணைமுறியை 50 கோடி டாலருக்கு வெளியிட்டது. போர் முடிந்தபின் ஆண்டுதோறும் என்று சொல்லத்தக்க அளவில் வெளியீடுகள் தொடர்ந்து, 2022இல் நிலுவை 1,255 கோடி டாலராக நின்றது. உலக வங்கியும் ஜப்பானும் கொடுத்த நீண்டகால, மலிவு வட்டிக் கடனைப் போன்றதல்ல இது. ஐந்து அல்லது பத்து ஆண்டில் மொத்தமாகத் திருப்ப வேண்டும், திருப்பப் புதிய பிணைமுறி விற்க வேண்டும், விற்கத் தரம் வேண்டும். அந்தத் தரம் ஒருநாளும் முதலீட்டுக் கோட்டைத் தொட்டதில்லை என்பதும், அதனால் வட்டி எப்போதும் அதிகமாகவே இருந்தது என்பதும் அந்தக் கொண்டாட்ட ஆண்டுகளில் அதிகம் பேசப்படவில்லை.

2019 டிசம்பரில் புதிய அரசு பெறுமதிசேர் வரியை 15இலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்தது முதலான சலுகைகளை அறிவித்ததும், ஃபிட்ச் அந்த மாதமே நாட்டுத் தரத்தின் எதிர்கால நோக்கை எதிர்மறையாக மாற்றியது. 2020 செப்டம்பரில் மூடிஸும், நவம்பரில் ஃபிட்சும், டிசம்பரில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸும் நாட்டை 'சி' வரிசைக்கு இறக்கின. கொழும்பு ஒவ்வொரு முறையும் அது அவசர முடிவு, உண்மை நிலையை அறியாதது என்று மறுப்பு வெளியிட்டது. இங்கே நியாயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: அம்மறுப்புகள் பிழை, நிறுவனங்கள் சரி. அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2019 முடிவில் இருந்த சுமார் 760 கோடி டாலரிலிருந்து 2021 முடிவில் 310 கோடியாகத் தேய்ந்திருந்தது. அதிலும் பயன்படுத்தத்தக்கது மிகச் சிறிது. இருந்தும் 2022 ஜனவரி 18இல் 50 கோடி டாலர் பிணைமுறி ஒன்று முழுமையாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. எழுத்து 'டி'யைத் தொட்டுவிடக் கூடாதென்ற அச்சம், மருந்துக்கும் எரிவாயுவுக்கும் ஒதுக்கியிருக்க வேண்டிய டாலரைப் பத்திரக்காரருக்கு அனுப்பவைத்தது. தரத்தின் செல்வாக்கு அதன் மிகக் கொடிய வடிவில் செயல்பட்ட காலம் தரமிறக்கிய நாள் அல்ல, இறங்கிவிடுமோ என்று அஞ்சிய அந்த மாதங்களே.

தரமிழந்த நாட்டின் வங்கி கொடுக்கும் கடனுறுதிக் கடிதத்தை, அதாவது இறக்குமதியாளர் பணம் கொடுக்காவிட்டால் தான் கொடுப்பதாக வங்கி எழுதித் தரும் உறுதியை, வெளிநாட்டு வங்கிகள் தயக்கமின்றி ஏற்பதில்லை. முன்பணம் கேட்பார்கள், அல்லது மறுப்பார்கள். கொழும்பின் பால்மா வரிசைக்கும் யாழ்ப்பாணத்தின் மண்ணெண்ணெய் வரிசைக்கும் டாலர் இல்லாமை முதற்காரணம் என்றால், இருக்கும் நம்பிக்கையும் வற்றியது அடுத்த காரணம். ரூபாயின் மதிப்பை ஒரு டாலருக்கு 200 ரூபாயளவில் அரசு பிடித்துவைத்திருந்த அக்காலத்தில், வெளியே அதைவிட நல்ல விலை கிடைத்ததால், வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும் செய்து ஈட்டிய யூரோவை வங்கி வழியே அனுப்பியவர்கள், உண்டியல் எனப்படும் வங்கிசாராப் பணமாற்றுக்கு மாறினர்; உத்தியோகபூர்வமாக நாட்டுக்கு வந்த பணம் 2020இல் 710 கோடி டாலராக இருந்து 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் குறைந்தது. மூன்று நிறுவனங்களின் ஆய்வாளர்கள் தங்கள் அறிக்கைகளில் எழுதிய முடிவுக்கே, எந்த அறிக்கையும் படிக்காத அந்தத் தொழிலாளர்கள் உண்டியல் விலையைப் பார்த்து வந்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. 2022 ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. மே 18இல் வட்டித் தவணைக்கான சலுகைக் காலம் முடிய, சுதந்திரம் பெற்றதிலிருந்து முதன்முறையாக நாடு கடன் தவறியதாகப் பதிவாயிற்று.

ஆக நிறுவனங்கள் சரியாகவே சொல்லின என்றால் குறை எங்கே என்று கேட்கலாம். குறை, அவை சொன்ன காலத்தில் இருக்கிறது. 2007 முதல் 2019 வரை டாலர் மேல் டாலராக விற்கப்பட்டபோது சிறு சிறு படிகளில் அசைந்த எழுத்து, சந்தை தானே கதவை மூடியபின் தடதடவென்று இறங்கியது. இத்தாலியிலும் அதுவே: யூரோ வந்த முதல் பத்தாண்டு முழுவதும் கடன் மலைபோல் நின்றிருக்க, வானிலை கெட்டபின் சில மாதங்களில் எல்லாப் படிகளும் சரிந்தன. மழை பெய்யும்போது குடையைப் பறிக்கும் இந்தப் பழக்கம் ஆய்வாளரின் தீய எண்ணத்தால் வருவதல்ல. கருத்தைச் சட்டத்தோடும் ஒப்பந்தத்தோடும் கட்டிப்போட்டதால், ஒருவர் இறக்கியதும் விற்பனை, விற்பனையால் வட்டி ஏற்றம், வட்டி ஏற்றத்தால் நாட்டின் கணக்கு மோசம், அதனால் அடுத்தவர் இறக்கம் என்று சங்கிலி தானாகவே ஓடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணராமல் இல்லை. 2009இல் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கெனத் தனி ஒழுங்குமுறை வந்தது. 2011 முதல் பாரிஸிலுள்ள ஐரோப்பியச் சந்தை ஆணையம் அவற்றைக் கண்காணிக்கிறது. 2013இன் திருத்தம், நாடுகளின் தரத்தை எந்தத் தேதிகளில் வெளியிடுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிவிக்கவும், சந்தை மூடியபின் வெளியிடவும் பணித்தது. இத்தாலியத் தொலைக்காட்சிகள் சில வெள்ளிக்கிழமை இரவுகளில் தரச் செய்திக்குக் காத்திருப்பது அந்த விதியின் விளைவு. எழுத்தை இயந்திரம்போல் நம்பக் கூடாதென்றும் அதே திருத்தம் அறிவுறுத்தியது. ஆனால் ஐரோப்பியச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த மூன்று நிறுவனங்களிடமே இருக்கிறது. பாசல் விதிகளின் புதிய வடிவத்திலும் வெளித்தர அட்டவணை நீங்கவில்லை. நேரத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் நெம்புகோலைத் தொடவில்லை.

ரோமின் நிலை இப்போது தெளிந்துள்ளது: 2025 ஏப்ரலில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அதை மூன்று 'பி' பிளஸுக்கு உயர்த்தியது, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் இறக்கிவிட்ட அதே படிக்கு. கொழும்பு 2024 டிசம்பரில் பிணைமுறிக்காரர்களோடு மறுசீரமைப்பை முடித்து, மூன்று 'சி'யின் அருகே ஏறியிருக்கிறது. புதிய பிணைமுறிகளில் ஒரு பகுதி, நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதலாகவும் தாழ்ந்தால் குறைவாகவும் செலுத்தும்படி எழுதப்பட்டுள்ளது. பிற அரசுகளுக்குரிய அசல் கடன் தவணைகள் 2028இலிருந்து தொடங்குகின்றன. அதற்கான டாலரில் ஒரு பங்கை மீண்டும் பன்னாட்டுச் சந்தையில் திரட்ட வேண்டுமானால், நிதியமைச்சின் அதிகாரிகள் அதற்கு முன்பே அதே மூன்று நிறுவனங்களின் கதவைத் தட்டி, கட்டணமும் செலுத்தி, ஓர் எழுத்தைக் கேட்க வேண்டியிருக்கும்.